பழைய பிக்கப் கேபினில் இரைச்சலைக் குறைக்கும் வேலை

பழைய பிக்கப்பின் இரைச்சல் பொறுக்க முடியாமல் போனதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, அலுமினியம் பளபளக்கும் டேம்பிங் ஷீட்டை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து, கண்ணில் படும் தகட்டின் மீதெல்லாம் ஒட்டுவது. அந்த ஷீட் தகடு அதிர்வதை அடக்கும். அதற்கு மேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கதவு இடுக்கில் சீறும் காற்றுக்கும், தேய்ந்த பேரிங்கின் முனகலுக்கும், விரிசல் விட்ட சைலன்சர் குழாயின் உறுமலுக்கும் அதனிடம் மருந்து இல்லை. முதலில் பழுது பார்க்க வேண்டும், அடுத்து ஓட்டைகளை அடைக்க வேண்டும், அதன் பிறகுதான் ஒட்டும் வேலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வண்டி கனக்கும், சத்தம் அப்படியே இருக்கும்.

நான் பேசுவது என் வண்டியை வைத்து: ஒற்றைக் கேபின், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஒரே நீள இருக்கை, தரையில் ரப்பர் விரிப்பு, மேலே வெறும் தகட்டுக் கூரை. பெட்ரோல் வண்டியோ இரட்டைக் கேபினோ வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் மாறும், வரிசை மாறாது.

எந்தச் சத்தம், எங்கிருந்து?

‘சத்தமாக இருக்கிறது’ என்ற புகாரை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் தொடங்க முடியாது. கேபினுக்குள் ஒரே நேரத்தில் நான்கைந்து சத்தங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டும்.

இன்ஜினைப் பிரிப்பதற்குச் சின்னக் கணக்கு போதும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருளை எரிக்கிறது. நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 எரிப்பு; அதாவது 80 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் அதிர்வெண் வாரியாக ஒலியைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 80-ஐ ஒட்டி முகடு எழுந்து, 3000 சுற்றில் அது 100-க்கு நகர்ந்தால் அந்த முழக்கம் இன்ஜினுடையது. அதே வேகத்தில் கியரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் டயர், சக்கர பேரிங், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் சிறிது தூரம் நியூட்ரலில் உருள விடுவதும் இதையே காட்டும். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

செயலியில் டெசிபல் எண்ணைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். பெரும்பாலும் அது ‘ஏ’ அளவுகோலில் வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவுகோல் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். பிக்கப்பில் தலைவலி தருவதோ அந்தத் தாழ்ந்த முழக்கம்தான். ‘சி’ அளவுகோலுக்கு மாற்றி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கியர், கண்ணாடிகள் முழுக்க ஏற்றிய நிலை. இவற்றில் ஒன்று மாறினாலும் எண்ணுக்கு மதிப்பில்லை.

காற்றுச் சத்தத்தைப் பிடிக்க வண்ணம் பூசுபவர்கள் ஓரம் கட்டப் பயன்படுத்தும் காகித டேப்பே போதும். கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், பக்கவாட்டுக் கண்ணாடியின் அடி, பானட்டுக்குப் பின்னால் உள்ள காற்றுச் சல்லடை என்று எல்லா இடுக்குகளையும் வெளியிலிருந்து ஒட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சீறல் அடங்கியிருந்தால் ஒவ்வொரு டேப்பாக உரித்து மறுபடி ஓட்டுங்கள். எந்த டேப்பை உரித்ததும் சீறல் திரும்புகிறதோ அங்கேதான் வேலை. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு தெளிவான விடை தருவது வேறில்லை.

பழுதை மூடி மறைக்க வேண்டாம்

கேபின் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. வயதான வண்டியில் அந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், அல்லது நசுங்கி இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சேசிஸின் ஒவ்வொரு நடுக்கமும் நேராக உள்ளே வரும். எத்தனை அடுக்கு ஒட்டினாலும் குறையாது. இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் மூன்றுக்கும் இதே கதைதான். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஐட்லிங்கில் ஓட விட்டு, ஒருவர் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விடும்போது இன்ஜின் ஒரு பக்கமாக எகிறினால் மவுண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையின்போது வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

சைலன்சர் குழாயிலும் இன்ஜினோடு அது சேரும் இடத்திலும் கசிவு இருந்தால் அதை முதல் நாளே சரிசெய்யுங்கள். சத்தம் ஒரு புறம் இருக்கட்டும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேபினுக்குள் வந்தால் தெரியாது.

டயரைப் பற்றி ஒரே வரி: சேற்றுக்கான பெரிய கட்டை டயர்களைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓட்டைகள்

ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாகத் திறந்திருந்தால், மீதிச் சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் போகாது. இது ஒலியியலில் பழைய, எளிய கணக்கு. தரை முழுக்கக் கனமான விரிப்பைப் போட்டுவிட்டு, கிளட்ச் கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் இல்லாமல் விட்டவர்கள் பணத்தை அந்த ஓட்டை வழியாகக் கொட்டியவர்கள்.

முதலில் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். இருட்டில் இன்ஜின் பக்கம் பலமான விளக்கை வைத்துவிட்டு, டேஷ்போர்டின் அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தால் ஓட்டைகள் நட்சத்திரமாகத் தெரியும். ஒயர் கட்டு நுழையும் இடம், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஸ்டியரிங் தண்டின் அடி உறை, ஹீட்டர் குழாய்கள், பெடல்களின் தாங்கி, என்றைக்கோ யாரோ எதற்கோ துளைத்துவிட்டு மறந்த துளைகள். கடைசி வகை ஒவ்வொரு பழைய வண்டியிலும் இருக்கிறது. ஒயர் போகும் துளைகளுக்கு அளவான ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் பொருந்தும் வளையம்) போடுங்கள். சும்மா கிடக்கும் துளைகளுக்குத் தகட்டு மூடியும், இடுக்கை அடைக்கும் பசையான சீலண்டும். ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்களின் மீது சீலண்ட் படவே கூடாது. கேபிள் தடையில்லாமல் ஓட வேண்டும்.

கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கிழிந்திருந்தால் கியர்பாக்ஸின் இரைச்சலும் சாலையின் இரைச்சலும் சூடும் தூசியும் ஒரே வழியில் உள்ளே வரும். பல வண்டிகளில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு உறைகள் இருந்திருக்கும். உள்ளே உள்ளது எப்போதோ காணாமல் போயிருக்கும். என் வண்டியில் அந்த உள்ளுறையை மட்டும் மாற்றியதில் கிடைத்த வித்தியாசம், பிறகு தரையில் போட்ட எந்த அடுக்கிலும் அவ்வளவு பட்டென்று தெரியவில்லை.

கதவு பீடிங்கை, அதாவது கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையை, சோதிக்க ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் தொடவில்லை. சுற்றிலும் இப்படிப் பாருங்கள். பீடிங் மீது சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தினால், சட்டத்தில் கோடு எங்கே விழுகிறது, எங்கே விடுபடுகிறது என்பதும் தெரிந்துவிடும். புதிய பீடிங் வாங்குவதற்கு முன் கதவின் கீலையும் பூட்டுக் கொக்கி மாட்டும் கட்டையையும் பாருங்கள். கதவு தொங்கியிருந்தால் எந்த பீடிங்கும் பொருந்தாது. கண்ணாடி ஏறி இறங்கும் சட்டத்தில் உள்ள வெல்வெட் பட்டையும் தேய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் கண்ணாடி கடகடப்பது அதனால்தான்.

ஒன்றை மட்டும் அடைக்காதீர்கள். சில கேபின்களின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ ஒருவழி ரப்பர் மடல் வைத்த காற்றுப் போக்கி இருக்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே அமுங்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை மூடினால் கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கும், உள்ளே புதுக்காற்றும் ஓடாது. மடல் கிழிந்திருந்தால் மடலை மாற்றுங்கள்.

விரிப்பைத் தூக்கினால்

இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தூக்குங்கள். அதற்கு முன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். 1970-களின் தொடக்கம் வரை வந்த பல பிக்கப்களில் எரிபொருள் தொட்டியே இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள் இருந்தது. உங்களுடையது அந்த வகை என்றால் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தொட்டியின் குழாய்களையும் மூடி ரப்பரையும் இந்தச் சாக்கிலேயே பார்த்துவிடுங்கள்.

அடியில் ஈரம் இருக்கும். இல்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வெறும் தண்ணீர் என்றால் முன்கண்ணாடி ரப்பர், கதவு, அல்லது வைப்பருக்குக் கீழே இலை அடைத்துக்கொண்ட வடிகால். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் ஒழுகுகிறது. தண்ணீர்க் குழாயை வைத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக நனைத்து, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுகும் இடம் சிக்கும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எதுவும் விளங்காது. ஒழுக்கை நிறுத்தாமல் தரையை மூடுவது துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து, எபாக்சி பிரைமர் பூசி, தகடு சேரும் இடங்களில் சீலண்ட் இழுங்கள். தொழிற்சாலையில் போட்ட தார்ப்பட்டைகள் தரையோடு இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிடலாம். வெடித்து எழும்பியவற்றை எடுத்தே ஆக வேண்டும். அவற்றின் அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். உலர்பனிக்கட்டியை அதன் மேல் சிறிது நேரம் வைத்தால் தார் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், சுத்தியலால் தட்டி எடுக்கலாம். அது ஆவியாகி வெளிவருவது கார்பன் டையாக்சைடு என்பதால் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். கையில் தடித்த கையுறை கட்டாயம்.

இப்போது ஷீட்

பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் பதித்த வகையை வாங்குங்கள். தார் கலந்த வகையும், கட்டடக் கூரை ஒழுக்குக்கு ஒட்டும் நாடாவும் மலிவுதான். வெயிலில் நின்ற கேபினில் அவை நாறும். கூரையில் ஒட்டினால் இளகித் தலையில் விழவும் செய்யும். 

எவ்வளவு ஒட்டுவது? தகட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. தகடு மிக அதிகமாக நெளிவது விளிம்பிலிருந்து விலகிய நடுப்பகுதியில். ஷீட் வேலை செய்வது நெளிவு இருக்கும் இடத்தில். ஒலிக்கும் தவிலின் தோலில் ஒரு கையை வைத்தாலே அது அடங்கிவிடுகிறது, முழுக்க மூட வேண்டியதில்லை. மடிப்பும் வரம்பும் வைத்து அழுத்திய இடங்கள் ஏற்கெனவே விறைப்பானவை, அங்கே ஒட்டுவது வீண். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ‘டொக்’ என்று ஆனதும் நிறுத்துங்கள்.

பிக்கப்பில் முதல் இடம் பின்சுவருக்குத்தான். பெரிய, ஏறக்குறைய தட்டையான தகடு. உங்கள் தலைக்கு ஒரு சாண் பின்னால் நிற்கிறது. கார்களில் இப்படி ஒன்று இல்லை. முழக்கத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதை ஓடும் வண்டியில் பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாலே உணரலாம். அடுத்தது கூரை, பிறகு கதவின் வெளித்தகடு, கடைசியில் தரை. பலரும் தரையில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் தரையில் ஒட்டுவது சுலபம்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, காய விட்டு ஒட்டுங்கள். குளிரில் ஒட்டாது, ஹீட் கன்னால் தகட்டை இளஞ்சூடாக்கிக்கொள்ளலாம். பிறகு சிறிய உருளையால் நன்றாக அழுத்தி உருட்ட வேண்டும். தாளின் மேல் உள்ள புடைப்பு மட்டமாகும் வரை உருட்டினால்தான் ரப்பர் தகட்டைப் பிடித்ததாகப் பொருள். அலுமினிய ஓரம் பிளேடு போல வெட்டும் என்பதை ஒரு முறை வெட்டுப்பட்ட பின் நம்புபவர்களே அதிகம், கையுறையோடு தொடங்குங்கள்.

கனமான அடுக்கு

ஷீட் அதிர்வை அடக்கிவிட்டது. காற்றில் வரும் ஒலியைத் தடுக்கக் கனம் வேண்டும். பொதுவான விதி: சுவரின் எடையை இரட்டித்தால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 0.8 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று அதிகம். இதற்கென்றே விற்கும் கன வினைல் விரிப்பு சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் கிடைக்கிறது. ஆக, ஒரு அடுக்கு போட்டாலே எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதைத் தகட்டில் நேராக ஒட்டாமல், நடுவில் 5 மி.மீ. அளவில் தண்ணீர் குடிக்காத வகை ஃபோம் வைத்தால் தகட்டின் நடுக்கம் வினைலுக்கு ஏறாது, நடு, உயர் ஒலிகளில் பலன் இன்னும் கூடும். தண்ணீர் குடிக்கும் பஞ்சு ஃபோம் தரைக்கு ஆகவே ஆகாது. ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பார்த்தே வாங்குங்கள்.

வினைலைக் கூடியமட்டும் ஒரே துண்டாக, இடைவெளி இல்லாமல், தடுப்புத் தகட்டின் உள்பக்கம் முடிந்த உயரம் வரை ஏற்றிப் போடுங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்க வேண்டும். 3 சதுர மீட்டர் போட்டால் 15 கிலோ. இதுவும் வண்டி சுமக்கும் எடைதான்.

மேடு பள்ளம் வைத்த முட்டை அட்டை வடிவ ஃபோமை ஒட்டினால் அமைதி வரும் என்று நம்புபவர்களிடம் ஒரு கணக்குச் சொல்வேன். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். கேபினே அவ்வளவு நீளம் இல்லை. 2 செ.மீ. ஃபோம் அதற்கு முன்னால் இல்லாததற்குச் சமம். தூண்களுக்குள் விரியும் ஸ்பிரே ஃபோமை அடிப்பது அதைவிட மோசம்: ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும், பிறகு வெல்டிங் செய்யவும் விடாது.

கதவில் வெளித்தகட்டின் உள்பக்கம் நடுவில் ஷீட் ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டு ஒட்டியதும் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மூடக் கூடாது. மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது வெளியே போக அந்தத் துளைகள்தான் வழி. உள்தகட்டின் பெரிய துளைகளைப் பழைய பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக ஃபோமும் வினைலும் வைத்து மூடலாம். பூட்டுக் கம்பிகள் உரசாமல் ஓட இடம் விடுங்கள். கடகடக்கும் கம்பியில் துணி டேப் சுற்றுங்கள்.

கூரையில் ஷீட் துண்டுகளுக்கு மேல் எடை குறைந்த, ஈரம் பிடிக்காத செயற்கை இழைப் பஞ்சு போதும். வெயிலின் சூட்டையும் அது குறைக்கும். கனத்த வினைலைக் கூரையில் ஏற்ற வேண்டாம்.

பூட்டும்போது இரண்டு இடங்களில் அவசரம் கூடாது. இருக்கையின் கால்களும் சீட் பெல்ட் போல்ட்களும் உட்காரும் இடத்தில் ஷீட், ஃபோம், வினைல் எதுவும் நடுவில் அகப்படக் கூடாது. இரும்போடு இரும்பு சேர்ந்து, வண்டிக் கையேடு சொல்லும் முறுக்கு அளவில் இறுக வேண்டும். நடுவில் மெத்தென்று எது இருந்தாலும் நாளடைவில் அமுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். அடுத்தது பெடல்கள். விரிப்பு தடித்திருப்பதால் ஆக்சிலரேட்டர் முழுக்க இறங்கித் தடையின்றித் திரும்புகிறதா, கிளட்ச் அடிவரை போகிறதா, விரிப்பு நகர்ந்து பெடலுக்கு அடியில் புகுமா என்று இன்ஜினை அணைத்து வைத்துக் காலால் பலமுறை மிதித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் விரிப்பை வெட்டிவிடுங்கள்.

பெரிய இரைச்சல் போனதும் இதுவரை கேட்காத சின்னச் சத்தங்கள் கேட்கத் தொடங்கும்: டேஷ்போர்டின் கிறீச், பின்கதவுக் கொக்கியின் கடகடப்பு, ஜாக்கி உருளும் ஒலி. இவற்றுக்கு ரப்பர் துண்டும் துணி டேப்பும் போதும். முதல் பெருமழை பெய்த மறுநாள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, கையை அடிவரை விட்டுத் தடவிப் பாருங்கள். சில வாரம் ஓட்டிய பிறகு இருக்கை போல்ட்களை மறுபடி ஒரு முறை முறுக்கிச் சோதித்துவிடுங்கள்.